காப்பகம் போதும் என்பவர்களுக்கு

“பாவம், யாராவது ஒரு ஹோம்ல கொண்டுபோய் விட்டுட்டா நல்லா இருக்கும்.” பேருந்து நிலையத்தின் ஓரத்தில், சடைபிடித்த தலையும் கக்கத்தில் மூட்டையுமாக உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும் பெண்ணைப் பார்த்துத் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் சொல்வது இது. சொல்பவர்கள் இரக்கமற்றவர்கள் இல்லை. அவளுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுப்பவர்களும், காவல் நிலையத்துக்குப் போன் போடுபவர்களும் அவர்கள்தான். அந்த இரக்கம் உண்மையானது. அது போய்ச் சேரும் இடம்தான் தவறு.

மனநோயோடு தெருவில் கிடப்பவருக்கு உரிய இடம் காப்பகம் என்பது இன்று ஏறக்குறைய எல்லோரும் ஒத்துக்கொண்ட கருத்து. சுற்றுச்சுவர், பூட்டிய கேட், நீண்ட கூடம், வரிசையாகப் பாய்கள், மூன்று வேளைச் சோறு, இரவில் மாத்திரை. உறவினர், அதிகாரி, நன்கொடையாளர், காவலர், ஏன் மருத்துவர்களில் பலரும்கூட இதற்கு மேல் எதையும் கேட்பதில்லை. “தெருவில் கிடந்து சாவதைவிட இது மேல் இல்லையா?” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இருப்பது தெருவும் காப்பகமும் மட்டும்தான் என்றால் காப்பகம் மேல்தான். ஆனால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது சென்னையிலேயே 2015 முதல் நடந்துவருகிறது.

ஒரு வாடகை வீடு. அவ்வளவுதான்.

வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரண்டு இளம்பெண்கள் 1993இல் சென்னையில் ‘தி பேன்யன்’ அமைப்பைத் தொடங்கினார்கள். மனநோயோடு தெருவில் தவித்த ஒரு பெண்ணுக்கு இடம் தேடி ஏறி இறங்கியபோது எந்தக் கதவும் திறக்கவில்லை. அதிலிருந்து பிறந்த அமைப்பு அது. முகப்பேரில் ‘அடைக்கலம்’ என்ற இல்லத்தில் பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்து போட்டு, சிகிச்சை கொடுத்து, நினைவு தெளிந்தவர்கள் சொன்ன ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டு மாநிலம் தாண்டிப் போய்க் குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு அப்படி வழி திறந்தது. எனவே காப்பகத்தை வெளியிலிருந்து குறைசொல்லும் கூட்டம் இல்லை இது. இருபது ஆண்டுகளுக்கு மேல் காப்பகம் நடத்திப் பார்த்தவர்கள்தான், சிலரை அங்கேயே வைத்திருப்பது சிகிச்சையாகாது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

அந்தச் சிலர் யார்? சிகிச்சைக்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் இல்லத்திலேயே தங்கிப்போனவர்கள். ஊர் நினைவில்லாதவர்கள். ஊர் நினைவிருந்தும் குடும்பம் ஏற்க மறுத்தவர்கள். திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு, இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்று உறுதியாகச் சொன்னவர்களும் உண்டு. இவர்களுக்காக 2015இல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற திட்டம் தொடங்கியது. நான்கைந்து பேர், தாங்களே விரும்பிச் சேர்ந்த ஒரு சிறு குழு. சாதாரணத் தெருவில், சாதாரண வாடகைக்கு, ஒரு வீடு. கூடவே ஓர் உதவியாளர். பெரும்பாலும் உள்ளூர்ப் பெண். தேவைப்படுகிறவர்களுக்கு அவர் இரவிலும் கூட இருப்பார், தேவை குறைந்தவர்களை அவ்வப்போது வந்து பார்ப்பார். அவருக்குப் பின்னால் சமூகப் பணியாளர், செவிலியர், மனநல மருத்துவர் என்று ஓர் அணி. மருந்து வரும், வங்கிக் கணக்கு திறக்க ஆள் வரும், நெருக்கடி என்றால் நள்ளிரவிலும் ஆள் வரும். மற்றபடி அது அவர்களுடைய வீடு. இன்றைக்குச் சாம்பாரா மீன்குழம்பா என்று முடிவுசெய்வது அவர்கள். விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பது, கோவிலுக்குப் போவதா டிவி பார்ப்பதா, யாரோடு பேசுவது, யாரோடு பேசாமல் இருப்பது எல்லாம் அவர்கள் கையில்.

திட்டம் கேரளத்துக்கும் மகாராஷ்டிரத்துக்கும் பரவியது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் சமூகம்சார் மனநலச் சேவைகள் குறித்து வெளியிட்ட வழிகாட்டி, உலகெங்குமிருந்து எடுத்துக்காட்டிய நல்ல முன்மாதிரிகளில் சென்னையின் இந்தத் திட்டமும் ஒன்று. உள்ளூரில் இதைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு.

இனி, காப்பகத்துக்காகச் சொல்லப்படும் வாதங்களுக்கு வரலாம். முதலாவதும் வலுவானதும் பாதுகாப்பு. வெளியே விட்டால் யாராவது எதையாவது செய்துவிடுவார்கள், லாரியில் அடிபடுவார்கள், காணாமற் போவார்கள். சுவருக்குள் இருந்தால் பத்திரம். இந்த வாதத்தை ஏர்வாடிக்குப் போய்த்தான் சோதிக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் ‘மனநலக் காப்பகம்’ ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் எதிரிகள் அல்லர். பெற்றவர்கள், உடன்பிறந்தவர்கள், கட்டியவர்கள். பாதுகாப்புக்காகத்தான் விட்டார்கள். பாதுகாப்புக்காகத்தான் சங்கிலியும் பூட்டப்பட்டது. அந்தக் காலையில் அவர்கள் தெருவில் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்பது சொல்லக் கூசும் உண்மை.

ஏர்வாடிக்குப் பிறகு அந்த வகைக் காப்பகங்கள் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரணை ஆணையம் அமைந்தது. எல்லாம் சரியாகிவிட்டதாக ஒரு நிம்மதி பரவியது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிமமில்லாமல் இயங்கிய ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். சேர்த்துவிட்ட ஒருவரைக் காணவில்லை என்று உறவினர் தேடிப்போனதில்தான் விவகாரமே வெளியே வந்தது. பாலியல் வன்கொடுமைப் புகார்கள் எழுந்தன. வழக்கு சிபிசிஐடிக்கு மாறியது. இடையே இருபத்தோரு ஆண்டுகள் கடந்திருந்தன.

இவை விதிவிலக்குகள், கெட்டவர்கள் நடத்திய கெட்ட இடங்கள், நல்லவர்கள் நடத்தினால் இப்படி ஆகாது என்று உடனே பதில் வரும். நல்லவர்கள் நடத்தும் இல்லங்கள் ஏராளம் என்பது உண்மை. அவர்களுடைய உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் கெடுதல் நடத்துபவரின் குணத்தில் மட்டும் இல்லை, அமைப்பிலேயே இருக்கிறது. நூறு பேரை இரண்டு மூன்று ஊழியர்கள் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தாக வேண்டும், ஒரே நேரத்தில் குளித்தாக வேண்டும். பேன் பிடிக்காமல் இருக்க எல்லோருக்கும் தலையை மொட்டையடிப்பது எளிது. துவைத்த துணியை யார் யாருடையது என்று பிரிப்பதைவிடக் கைக்குக் கிடைத்ததை உடுத்தச் சொல்வது எளிது. கதவைப் பூட்டுவது எல்லாவற்றையும்விட எளிது. யாரும் கொடுமை செய்ய நினைக்காமலேயே ஒரு மனிதரிடமிருந்து பெயரும் உடையும் தலைமுடியும் பறிபோய்விடுகின்றன. வெளியிலிருந்து யாரும் வந்து பார்க்காத இடத்தில், இதற்கு அடுத்த படி எதுவாக இருக்கும் என்பதை ஏர்வாடி காட்டிவிட்டது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. கட்டாய மொட்டை கூடாது, சொந்த உடையை உடுத்தும் உரிமை உண்டு, பெண்களுக்கு மாதவிடாய்க் காலத்துக்கானவை கிடைக்க வேண்டும், சங்கிலி எந்த வடிவத்திலும் கூடாது என்று இத்தனை நுணுக்கமாக ஒரு நாடாளுமன்றச் சட்டம் பேச வேண்டியிருந்தது என்றால், சுவருக்குள் நடந்துகொண்டிருந்தது என்ன என்று புரிந்துகொள்ளலாம். அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. மனநோய் உள்ள ஒவ்வொருவருக்கும் சமூகத்தில் வாழும் உரிமை உண்டு. குடும்பம் இல்லை என்பதற்காகவோ, குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காகவோ, வீடில்லை என்பதற்காகவோ, வெளியே வசதி இல்லை என்பதற்காகவோ ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது. 2018 மே மாதம் முதல் இது நடைமுறையில் உள்ள சட்டம்.

நடைமுறை எப்படி இருக்கிறது? ஹான்ஸ் அறக்கட்டளையின் ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. நாட்டின் 43 அரசு மனநல மருத்துவமனைகளில் எடுத்த கணக்கு அது. உள்ளே இருந்தவர்களில் ஏறத்தாழ 36 விழுக்காட்டினர் ஓராண்டோ அதற்கு மேலோ அங்கேயே தங்கியிருந்தவர்கள். இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்தவர்களும் அவர்களில் உண்டு. இருபதுகளில் உள்ளே போன பெண் நரைத்த தலையோடு இன்னும் அதே வார்டில் இருக்கிறாள். எந்த நோய்க்கு இருபத்தைந்து ஆண்டு உள்நோயாளிச் சிகிச்சை தேவைப்படுகிறது? அவளை அங்கே வைத்திருப்பது நோய் இல்லை, முகவரியின்மை.

சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் 2019 நாடாளுமன்றத் தேர்தலின்போது நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். 1794இல் வேரூன்றிய பழைமையான நிறுவனம் அது. அங்கே தங்கியிருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்பட்டு, வளாகத்திலேயே அமைந்த வாக்குச்சாவடியில் வாக்களித்தார்கள். தேர்தல் ஆணையமும் மருத்துவர்களும் சேர்ந்து செய்த மிகச் சரியான செயல். ஆனால் நாட்டை யார் ஆள வேண்டும் என்று தீர்மானிக்கத் தகுதியுள்ளவர், மாலையில் என்ன சமைப்பது என்று தீர்மானிக்கத் தகுதியற்றவர் ஆவது எப்படி? காப்பகத்தை ஆதரிப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

அடுத்த வாதம் இன்னும் நயமானது. “வீடு கொடுக்க வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? முதலில் குணமாகட்டும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடட்டும். ஒரு தொழில் கற்றுக்கொள்ளட்டும். பிறகு வீடு.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உலகம் முழுவதும் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் நடந்தது. தங்குமிடம், பிறகு இடைநிலை இல்லம், பிறகு கண்காணிப்பு இல்லம், ஒவ்வொரு படியிலும் தேர்வு, தேறினால் அடுத்த படி, தவறினால் மறுபடி தெரு. உச்சிப் படிக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் கொஞ்சம்.

நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பரிஸ், தெருவில் கிடந்தவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கும் பணியில் இருந்தவர். சேர்த்தவர்களே சில வாரங்களில் அதே தெருவில் திரும்பக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து, வரிசையை மாற்றிப் போட்டார். 1992இல் அவர் தொடங்கிய ‘பாத்வேஸ் டு ஹவுசிங்’ அமைப்பு முதல் நாளே வீட்டுச் சாவியைக் கொடுத்தது. வருமானத்தில் 30 விழுக்காட்டை வாடகைக்குத் தர வேண்டும், பணியாளர் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும், நிபந்தனைகள் இவைதான். குடியை விட்டால்தான், மாத்திரை போட்டால்தான் என்று எதுவும் இல்லை. இவர்களால் ஒரு மாதம் தாக்குப்பிடிக்க முடியாது என்று சொன்னவர்கள் ஏமாந்தார்கள். பெரும்பாலோர் வீட்டைத் தக்கவைத்துக்கொண்டார்கள்.

ஓர் ஊரின் கதையை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு எழுதலாமா என்ற ஐயம் நேர்மையானது. கனடா அதைச் சோதித்துப் பார்த்தது. வான்கூவர், வின்னிபெக், டொரன்டோ, மான்ட்ரியல், மாங்டன் ஆகிய ஐந்து நகரங்கள்; மனநோயோடு வீடற்றிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு நேரடியாக வீடும் ஆதரவும், மற்றதற்கு வழக்கமான சேவைகள். 2009இல் தொடங்கிய இந்த ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில், முதல் பிரிவில் 62 விழுக்காட்டினர் முழுக் காலமும் வீட்டில் இருந்தார்கள். வழக்கமான சேவை பெற்றவர்களில் 31 விழுக்காடு. குணமான பிறகு வீடு என்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டைப் பரிசாக வைத்து நோயாளியை ஓடவிட்ட முறை, அதில் பாதிப் பேரைத்தான் கொண்டுசேர்த்திருக்கிறது.

வீட்டை முதலில் கொடுப்பதில் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. இரவில் கதவைத் தாழிட்டுத் தூங்க முடிந்தவருக்குத்தான் மாத்திரை வேலை செய்யும். தெருவில் தூங்கும் பெண் மாத்திரை போட்டு அசந்து தூங்கத் துணியமாட்டாள். தூங்கினால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். மாத்திரையைத் துப்பினாள் என்று அட்டையில் குறித்துக்கொள்பவருக்கு அது தெரிவதில்லை.

பின்லாந்து ஒரு நாடாகவே இந்த வழியில் இறங்கியது. அங்கே 1985இல் தொடங்கப்பட்ட ‘ஒய் அறக்கட்டளை’ என்ற லாப நோக்கற்ற அமைப்பு, சந்தையில் வீடுகளை வாங்கி வீடற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டது. 2008 முதல் அரசும் நகராட்சிகளும் சேர்ந்து தங்குமிடங்களையே குடியிருப்புகளாக மாற்றின. ஹெல்சின்கியில் சால்வேஷன் ஆர்மி நடத்திய பெரிய தங்குவிடுதி ஒன்று 81 தனி வீடுகளாக மாறியது. 2008இல் எட்டாயிரத்துக்கும் மேல் இருந்த வீடற்றோர் எண்ணிக்கை 2023இல் 3,429 ஆகக் குறைந்தது. அடுத்த ஆண்டு அது மறுபடி ஏறியது. அரசு வீட்டு உதவித்தொகையைக் குறைத்த காலமும் அதுதான். அமெரிக்காவில் 2025 ஜூலையில் குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்று, இந்த வழிக்கான கூட்டாட்சி அரசின் ஆதரவை நிறுத்தச் சொன்னது; தெருவில் இருப்பவர்களைக் கட்டாயமாக நிறுவனங்களில் சேர்ப்பதை ஊக்குவிக்கச் சொன்னது. ஆகவே பழைய கருத்து செத்துவிடவில்லை. அதிகாரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அமெரிக்காவைத் தொட்டவுடன் எதிர்த்தரப்பின் கனமான கேள்வி ஒன்று எழும்: அங்கே மனநல மருத்துவமனைகளைத் திறந்துவிட்டதால்தானே நோயாளிகள் தெருவுக்கும் சிறைக்கும் போனார்கள்? 1955இல் அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். 1990களின் நடுவில் அது ஒரு லட்சத்துக்கும் கீழே போனது. வெளியே வந்தவர்களுக்காக 1963இல் கென்னடி கையெழுத்திட்ட சட்டம் வாக்களித்த சமூக மனநல மையங்களில் பாதிகூட எழும்பவில்லை. வீடு எதுவும் தரப்படவில்லை. பூட்டைத் திறந்தார்கள், போக இடம் தரவில்லை. இது காப்பகத்துக்கு ஆதரவான சான்றாகாது, வீடில்லாத விடுதலைக்கு எதிரான சான்று. இத்தாலியின் திரியெஸ்தே நகரில் பிராங்கோ பசாலியா இதே காலகட்டத்தில் மனநல மருத்துவமனையை மூடினார். ஆனால் அங்கே வெளியே வந்தவர்களுக்குக் குடியிருப்புகள், இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் மையங்கள், கூலி தரும் கூட்டுறவுகள் எல்லாம் கூடவே உருவாயின. அந்த நகரம் இன்றும் எடுத்துக்காட்டாக நிற்கிறது.

தமிழ்நாட்டுக்கே உரிய வாதம் ஒன்று உண்டு: குடும்பம். “எங்கேயோ வாடகை வீட்டில் வைப்பதைவிடப் பெற்றவர்களிடம் சேர்த்துவிடுவதுதானே முறை?” செய்தித்தாள்களுக்கும் இது பிடித்த கதை. இருபது ஆண்டுக்குப் பின் தாயும் மகளும் கட்டியணைத்துக்கொள்ளும் படம் யார் கண்ணையும் நனைக்கும். சேர முடிந்தவர்கள் சேரட்டும். பேன்யன் போன்ற அமைப்புகள் அதற்காகத்தான் ஊர் ஊராக அலைகின்றன. ஆனால் படம் எடுத்தவர் போன பிறகு என்ன ஆகிறது? புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டிருப்பான். அண்ணன் வீட்டில் அண்ணிக்கு ஒரு கூடுதல் வாய். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் பகலில் கூட இருக்க ஆள் இல்லை. மாவட்டத் தலைநகருக்குப் போய் மருந்து வாங்கிவர ஒரு நாள் கூலி போகும். மருந்து நிற்கும், நோய் திரும்பும், ஒருநாள் அவள் மறுபடி பஸ் ஏறிவிடுவாள். இதில் அண்ணியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஏழைக் குடும்பத்தின் தலையில் அரசின் கடமையைக் கட்டிவிட்டு, தாங்கவில்லை என்று ஏசுவது அநியாயம். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சில பெண்களுக்கு நோய் வந்த இடமே அந்த வீடுதான். அடி, உதை, பட்டினி, சொத்துக்காகப் பூட்டிவைத்தது. அங்கேயே திருப்பி அனுப்புவதை மறுவாழ்வு என்று சொல்ல மனம் வரக் கூடாது.

தெருக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா? எளிதில் இல்லை. தனியாக இருக்கும் பெண்களுக்கே, சாதி கேட்டு, சைவமா அசைவமா என்று கேட்டுத்தான் வீடு தரும் ஊர்கள் இவை. மனநோய் என்றதும் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும் வீட்டுக்காரர்கள் இருப்பார்கள். அடித்துவிடுவார்கள், கல்லெறிவார்கள் என்ற பயத்துக்குத் தமிழ் சினிமாவின் நகைச்சுவைக் காட்சிகளும் நிறையத் தீனி போட்டிருக்கின்றன. கடும் மனநோய் உள்ளவர்கள் வன்முறை செய்பவர்களாக இருப்பதைவிட வன்முறைக்கு ஆளாகிறவர்களாக இருப்பதே அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியும் அந்தப் பயம் போகவில்லை. பயத்தைப் போக்கும் ஒரே வழி பழக்கம். பக்கத்து வீட்டில் குடியிருந்து, அதே அண்ணாச்சி கடையில் உப்பு வாங்கி, தண்ணீர் லாரி வந்தால் அதே வரிசையில் குடத்தோடு நிற்பவரைப் பார்த்து யாரும் நீண்ட நாள் பயப்பட முடியாது. சுவருக்குள் இருப்பவரைப் பற்றித்தான் வதந்தி வளரும்.

செலவைப் பற்றிய தயக்கத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம். ஹோம் அகெய்ன் முறையில் ஒருவருக்கு ஆகும் செலவு அரசு மனநல மருத்துவமனையில் ஒருவரை வைத்திருக்கும் செலவைவிடக் குறைவு என்று உலக சுகாதார நிறுவனத்தின் அதே ஆவணம் பதிவுசெய்கிறது. பணம் தடையில்லை. பணம் எந்த வடிவத்தில் வருகிறது என்பதுதான் தடை.

காப்பகங்கள் பலவற்றின் வாசலில் ஒரு பலகை இருக்கும்: காலைச் சிற்றுண்டிக்கு இவ்வளவு, மதியச் சாப்பாட்டுக்கு இவ்வளவு, இனிப்புடன் என்றால் இவ்வளவு. பிள்ளையின் பிறந்தநாளுக்கும் அப்பாவின் நினைவுநாளுக்கும் குடும்பத்தோடு வந்து கையால் பரிமாறிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நூறு பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தால் மனம் நிறைகிறது. புண்ணியம் கண்ணெதிரே தெரிகிறது. நான்கு பெண்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் அப்படிப் பார்க்க எதுவும் இல்லை. அங்கே போய்ப் பரிமாற முடியாது, அவர்களே சமைத்துக்கொள்கிறார்கள். அழைப்பில்லாமல் உள்ளே நுழையவும் முடியாது. அது அடுத்தவர் வீடு. ஆகவே அந்த வீட்டின் மாத வாடகைக்கு, உதவியாளரின் சம்பளத்துக்கு, செவிலியரின் பெட்ரோலுக்கு நன்கொடை கேட்டால் கை தயங்குகிறது. சோறு போடுவதில் இருக்கும் பெருந்தன்மையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கொடுப்பவர் பார்த்து மகிழ்வதற்கு வசதியாக வாங்குபவர் நூறு பேராக ஒரே கூரையின் கீழ் இருந்தாக வேண்டும் என்ற நிலை, ஈகைக்கே இழுக்கு. அரசின் கணக்கும் இதிலிருந்து பெரிதாக வேறுபடுவதில்லை. இத்தனை படுக்கைகள், இத்தனை பேர் மீட்பு என்று அறிக்கையில் எழுத முடிகிறது. ஒருத்தி பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்ததை எந்தப் படிவத்தில் எழுதுவது?

முகவரி என்பதன் மதிப்பும் இந்தக் கணக்கில் வருவதில்லை. குடும்ப அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை, வங்கிக் கணக்கு, உதவித்தொகை எல்லாமே ஒரு கதவு எண்ணில் தொடங்குகின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை குடும்ப அட்டையை அடிப்படையாகக் கொண்டது. காப்பகத்தின் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பவளுக்குக் குடும்ப அட்டை ஏது? பெண்களுக்கான திட்டங்கள்கூட, வீடில்லை என்ற ஒரே காரணத்தால், மிகவும் தேவைப்படுகிறவளின் வாசலைத் தொடாமல் போகின்றன.

வாடகை வீட்டு முறைக்குக் குறைகளே இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. கவனமில்லாமல் நடத்தினால் நான்கு பேர் வீடும் சின்னக் காப்பகமாகிவிடும். உதவியாளர் வார்டன் ஆகிவிடுவார், சாவி அவர் இடுப்பில் தொங்கும். அந்த உதவியாளர்களும் ஏழைப் பெண்கள்தான். அவர்களுடைய இரவுக்கும் பகலுக்கும் நியாயமான சம்பளமும் விடுப்பும் இல்லையென்றால், ஒரு பெண்ணின் விடுதலையை இன்னொரு பெண்ணின் முதுகில் ஏற்றியதாக ஆகும். நோய் மிகத் தீவிரமான நாட்களில் மருத்துவமனைப் படுக்கை தேவைப்படும்; அதற்காகத்தான் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் அவசரச் சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களைத் தமிழ்நாடு அமைத்தது. அவை வேண்டும், இன்னும் கூடுதலாக வேண்டும். ஆனால் அவற்றில் தேறியவர் பிறகு எங்கே போவார் என்ற கேள்விக்கு விடையில்லாவிட்டால் அந்தப் படுக்கைகளும் நிரம்பித் தேங்கிவிடும். உண்மையான குறை அளவு. ஒரு தொண்டு நிறுவனம் எத்தனை வீடுகளுக்குத்தான் வாடகை கட்டும்? 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். அவர்களில் மனநோயுள்ள ஒரு பகுதியினருக்கு மட்டும் என்றாலும், நன்கொடையால் நிரவக்கூடிய பள்ளம் இல்லை அது.

மகாராஷ்டிர அரசு, மனநல மருத்துவமனைகளில் தேறியவர்களைப் பிச்சைக்காரர் இல்லங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் மாற்றியபோது, 2021இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது என்று நிறுத்தச் சொன்னது. ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு மாற்றுவது மறுவாழ்வாகாது என்பது அன்று நீதிமன்ற ஏட்டில் ஏறியது. அதே மாநிலத்தின் ரத்னகிரியில்தான் ஹோம் அகெய்ன் வீடுகளும் இருக்கின்றன.

தமிழ்நாட்டிலும் வழி அடைபட்டிருக்கவில்லை. மனநலம் பாதிக்கப்பட்டோருக்கான மறுவாழ்வு இல்லங்களைத் தொண்டு நிறுவனங்கள் மூலம் நடத்த மாற்றுத்திறனாளிகள் நலத் துறை ஏற்கெனவே மானியம் தருகிறது. அந்த மானியம் கட்டடத்தையும் தலைக்கணக்கையும் பார்த்துத் தரப்படுகிறது. அதையே நான்கு பேர் வீட்டின் வாடகைக்கும், முன்பணத்துக்கும், உதவியாளரின் ஊதியத்துக்கும், வீடு வீடாகப் போகும் செவிலியருக்கும் செலவழிக்கலாம் என்று விதியைத் திருத்தினால் போதும். இல்லத்தில் தங்கியிருப்பவர்களிடம் யாரோடு, எந்த ஊரில் குடியிருக்க விருப்பம் என்று கேட்டு எழுதிக்கொள்ள ஆண்டுக்கு ஒரு முறை வெளியாள் ஒருவர் வர வேண்டும் என்றும் சேர்க்கலாம். புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஆதரவுடன் கூடிய குடியிருப்பை அரசு தர வேண்டும் என்று 2017 சட்டத்தின் 18ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. பாக்கி இருப்பது துறையின் ஓர் அரசாணை, அதற்கான நிதி ஒதுக்கீடு, வீடு தேடப் போகும் ஆட்கள்.